சொல்லிவிட்டு வரும் ஸ்டிரைக்கும் சொல்லாமல் நிற்கும் பார்சலும்

தீபாவளி நெருங்கினால் முறுக்கு சுடும் வாசனையோடு வதந்தியும் வந்துவிடும். "தபால்காரர்கள் அடுத்த வாரம் ஸ்டிரைக்காம். பார்சல் இருந்தால் இன்றைக்கே போட்டுவிடுங்கள்." தேதி இருக்காது, சங்கத்தின் பெயர் இருக்காது. கடைசியில் கைகூப்பும் படம் மட்டும் மூன்று இருக்கும். கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக்குப் பின்புறம், மாடி வீட்டில் ரவிக்கை தைத்தும் முறுக்கு சுட்டும் இணையத்தில் விற்கும் அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். அப்படி ஒரு செய்தியை நம்பி இரண்டு ராத்திரி கண்விழித்து நாற்பது பார்சல் கட்டினார். அவசரத்தில் அளவுச்சீட்டு மாறிப்போய் ஆறு ரவிக்கை திரும்பி வந்தது. ஸ்டிரைக் வரவே இல்லை.

அக்கா பயந்ததை நான் குறை சொல்லமாட்டேன். மழை ஒரு பக்கம் இருக்க, அவர் வேறு பக்கம் குடையைப் பிடித்திருந்தார், அவ்வளவுதான். இணைய வியாபாரிகளிடம் அடிக்கடி காதில் விழும் நம்பிக்கைகள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: தபால் ஸ்டிரைக் ராத்திரியோடு ராத்திரியாக வந்து நிற்கும்.

மலேசியாவில் சட்டப்படி அது முடியாது. 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டம் தண்ணீர், மின்சாரம், தீயணைப்பு ஆகியவற்றோடு தபாலையும் அத்தியாவசியச் சேவைப் பட்டியலில் வைத்திருக்கிறது. அத்தியாவசியச் சேவையில் இருப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டுமானால் முதலாளிக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 43-ஆவது பிரிவு. அறிவிப்பு கொடுத்து 21 நாள் கழியாமல் வேலையை நிறுத்தக் கூடாது. 42 நாளுக்கு முன் கொடுத்த பழைய அறிவிப்பும் செல்லாது. அதற்கெல்லாம் முன்பே உறுப்பினர்களிடம் ரகசிய வாக்கெடுப்பு நடந்திருக்க வேண்டும். இத்தனையும் தாண்டி வந்தாலும், மனிதவள அமைச்சர் விவகாரத்தைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் அதன் பிறகு வேலைநிறுத்தம் செய்ய முடியாது.

தொழிலாளியின் இடத்தில் நின்று பார்த்தால், கையைக் கட்டிவிட்டு நீச்சலடி என்று சொல்லும் சட்டம் இது. பார்சல் கட்டுகிறவரின் இடத்தில் நின்று பார்த்தால், குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்பே அடிக்கும் மணி. அத்தனை பெரிய செய்தி மூன்று வாரமும் எந்த நாளிதழிலும் வராமல் உங்கள் குடும்பக் குழுவுக்கு மட்டும் வந்து சேருமா?

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் மறியல். மதிய உணவு நேரத்தில் பதாகை பிடித்து நிற்கும் தொழிலாளர்களின் படம் பத்திரிகையில் வந்ததும், வேலை நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அமைதியான மறியலைச் சட்டம் தனியாக அனுமதிக்கிறது. கோஷம் போட்டுவிட்டு அவர்கள் உள்ளே போய் உங்கள் பார்சலைத்தான் பிரித்து அடுக்குகிறார்கள்.

வேலைநிறுத்தம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே அதிகமாகிவிட்டார்கள் என்பதால் ஒரு சின்ன விலகல். 1941-இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில்தான் தமிழ்த் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் போன்றவர்களின் தலைமையில் வேலையை நிறுத்தினார்கள். சம்பளத்தோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. 1952 மே மாதம் சிங்கப்பூர்த் தபால்காரர்கள் இரண்டு வாரம் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்குச் சட்ட ஆலோசகராக இருந்தவர் அன்றைய இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம் பத்திரிகையில் அவர்கள் பக்கம் நின்றார். கடிதம் சுமந்தவர்கள் வேலையை நிறுத்தியதில் ஒரு நாட்டின் அரசியலே திசை திரும்பிய கதை அது.

நம்பிக்கை: ஒரு நிறுவனம் நின்றால் என்ன, பத்து கூரியர் இருக்கிறதே.

பாதி உண்மை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு அனுப்ப ஆள் பஞ்சம் இல்லை. ஆனால் பெரிய விற்பனைத் தளங்களில் கூரியரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் தளம்தான், நீங்கள் அல்ல. அதோடு, நீங்கள் மாறும் அதே நாளில் எல்லாரும் மாறுவார்கள். வழக்கமாக மாலை நான்கு மணிக்கு வரும் வேன் ஏழு மணிக்கு வந்து, "இடமில்லை அக்கா, மிச்சத்தை நாளைக்கு எடுத்துக்கிறேன்" என்று பாதியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகும். தோட்டப்புற வீடுகளுக்கும் சபா, சரவாக்கின் உள்பகுதிகளுக்கும் போக வேண்டியது வேறு கணக்கு. எல்லா இடத்துக்கும் போயே ஆக வேண்டும் என்ற கடமை தபால் நிறுவனத்துக்கு உண்டு. தனியாருக்கு லாபம் இருக்கும் இடம்வரைதான் சாலை.

நம்பிக்கை: இங்கே ஸ்டிரைக் இல்லை, அதனால் நமக்குக் கவலை இல்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் வியாபாரிகளை அதிகம் கடித்தது இந்த நம்பிக்கைதான். நம் பார்சல்கள் வெளிநாட்டில் எங்கே போகின்றன? கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் சித்தி வீட்டுக்கு, லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு, யாழ்ப்பாணத்துக்கு. இந்த மூன்று நாடுகளிலும் அண்மை ஆண்டுகளில் தபால் நின்றிருக்கிறது.

வெளிநாட்டுக்குத் தபால்வழி அனுப்பும் பார்சல் விமானம் ஏறும்வரைதான் நம் ஊர்த் தபாலின் கையில் இருக்கிறது. இறங்கியதும் அந்த நாட்டுத் தபால் அதை வாங்கிக்கொள்கிறது. 1874-இல் பெர்ன் நகரில் உருவான உலகத் தபால் ஒன்றியத்தின் ஏற்பாடு அது. ஒரு நாடு இன்னொரு நாட்டின் தபாலைத் தன் தபாலாகவே கொண்டுசேர்க்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் கடைசி மைலில் கனடா நின்றால், கிள்ளானில் ஒட்டிய பார்சலும் நிற்கும்.

கனடாவில் நடந்ததைப் பாருங்கள். 2024 நவம்பர் 15 அன்று ஏறத்தாழ 55,000 தபால் ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். டிசம்பர் 17 அன்றுதான் திரும்பினார்கள். இடையில் நவம்பர் 29 முதல் அமெரிக்கத் தபால் துறையே கனடாவுக்கான தபாலை வாங்க மறுத்தது. பக்கத்து நாட்டுக்கே அந்தக் கதி. அடுத்த ஆண்டு இன்னும் மோசம். 2025 செப்டம்பர் 25 அன்று, வாசல்வரை வந்து கொடுக்கும் விநியோகத்தைக் கைவிட வழி செய்யும் மாற்றங்களை அரசு அறிவித்தது. அன்றே நாடு முழுவதும் வேலைநிறுத்தம். அக்டோபர் 11-இல் தொடங்கி அது ஊர் மாற்றி ஊராகச் சுழற்சி முறைக்கு மாறியது. அந்த ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 20. விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். வருடத்தில் நம் ஆட்கள் அதிகம் அனுப்பும் மூன்றரை வாரம் அப்படியே அதற்குள் விழுந்துவிட்டது.

அப்படி மாட்டிய பார்சலின் டிராக்கிங் பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? "நாட்டை விட்டுப் புறப்பட்டது" என்று ஒரு வரி. அதற்குக் கீழே வெறுமை. வாங்கியவர் தினமும் அதைப் படம் பிடித்து உங்களுக்கே அனுப்புவார். துணியென்றால் பொறுக்கலாம். அக்காவின் முறுக்கு பபிள் ராப் சுற்றிய டின்னில், பருவம் தப்பி, எண்ணெய்ச் சிக்கு வாடையோடுதான் போய்ச் சேரும்.

இங்கிலாந்தில் 2022 ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் இடையில் ராயல் மெயில் ஊழியர்கள் விட்டு விட்டு 18 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசி இரண்டு நாள் டிசம்பர் 23, 24. இலங்கையில் 2025 ஆகஸ்ட் 17 முதல் 24 வரை கூடுதல் நேரச் சம்பளத்துக்காகவும் கைரேகைப் பதிவுக்கு எதிராகவும் தபால் நின்றது. இங்கே நடக்காத ஸ்டிரைக்கைப் பற்றி நாற்பது பேருக்கு ஃபார்வர்டு செய்தவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நம்பிக்கை: சங்கம் கொடி பிடித்தால்தான் தபால் நிற்கும்.

2025 ஆகஸ்ட் 29 அன்று எந்தச் சங்கமும் எதுவும் செய்யவில்லை. 800 டாலருக்குக் குறைந்த பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா நீக்கியது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவாகாததால் 88 தபால் நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தியதாக உலகத் தபால் ஒன்றியம் சொன்னது. அமெரிக்காவுக்குப் போகும் தபால் ஒரே வாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது. இந்தியத் தபால் துறையும் நிறுத்தியது. எந்த ஸ்டிரைக்கும் சாதிக்காததை ஒரு கையெழுத்து சாதித்தது.

உள்ளூரில் 2021 டிசம்பர் நடுவில் பெய்த மழை யாருக்கும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரைகளில் ஆட்கள் காத்திருந்தபோது பார்சலைப் பற்றிக் கேட்பதற்கே கூச்சமாக இருந்தது. ஆனால் கிடங்குகளும் சாலைகளும் நிறைந்த வட்டாரம் அது. லோரி போகாத நாட்களில் வியாபாரமும் போகவில்லை.

மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுவரும் தம்பியையும் மறக்க வேண்டாம். அவர்களில் பலர் எந்த நிறுவனத்துக்கும் ஊழியர் இல்லை. ஊழியர் இல்லை என்றால் 43-ஆவது பிரிவும் இல்லை, 21 நாளும் இல்லை. 2022 ஆகஸ்ட் 1 அன்று உணவு டெலிவரி ஓட்டுநர்கள் கட்டணக் குறைப்பைக் கண்டித்து ஒரு நாள் செயலியை அணைத்துவைக்க அழைப்பு விடுத்தார்கள். அதற்கு வாக்கெடுப்பு தேவைப்படவில்லை, விரல் போதும். இப்படிப்பட்டவர்களுக்கென 2025 ஆகஸ்ட் இறுதியில் மக்களவையில் கிக் தொழிலாளர் மசோதா நிறைவேறியது. அவர்களின் குறைகளைக் கேட்க ஒழுங்கான இடம் ஒன்று இருந்தால் அது விற்பவருக்கும் நல்லது என்பது என் கட்சி.

நம்பிக்கை: தபால் நின்றதற்கு நான் என்ன செய்வேன், வாங்கியவருக்குப் புரியும்.

புரியலாம். ஆனால் அவர் பணம் கொடுத்தது உங்களுக்கு, தபால்காரருக்கு அல்ல. டெலிவரிக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை விற்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று இணைய வணிக விதிமுறைகள் கேட்கின்றன. வாங்கியவர் வெறும் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அது 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை.

மன்றம்வரை போகாத தகராறுகளிலும் நஷ்டம் சத்தமில்லாமல் நடக்கிறது. பெரிய தளங்களில் வாங்கியவரின் பணம் நேரே விற்பவரின் கணக்குக்குப் போவதில்லை. பொருள் போய்ச் சேரும்வரை தளம் அதைப் பிடித்து வைத்திருக்கும். பார்சல் நின்றால் பணமும் அதோடு நிற்கும். அடுத்த வாரத் துணிக்கு பிரிக்பீல்ட்ஸ் மொத்தக் கடையில் கொடுக்க வேண்டிய காசு அது. பெரிய கடைக்கு இது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அக்காவுக்கு அது கூட்டுப்பணச் சீட்டுத் தவணை.

பார்சலை ஒப்படைக்கும்போது உங்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், அதைப் படம் எடுத்து வையுங்கள். தாமதமாக அனுப்பியதாகத் தளம் புள்ளி வெட்டும்போது வாதாட அது ஒன்றுதான் கையில் இருக்கும். பார்சல் காப்புறுதி பெரும்பாலும் தொலைந்ததற்கும் உடைந்ததற்கும்தான், தாமதத்துக்கு அல்ல. பொடி எழுத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அக்கா இப்போது சுவரில் மாட்டியிருக்கும் கோயில் நாட்காட்டியில் இரண்டு வட்டம் போட்டு வைத்திருக்கிறார். 2026 தீபாவளி நவம்பர் 8. அதிலிருந்து எட்டு வாரம் பின்னால் எண்ணி வெளிநாட்டு ரவிக்கை ஆர்டரை மூடிவிடுகிறார். இரண்டாவது வட்டம் உள்நாட்டுக்கு. வெளிநாட்டுக்கு முறுக்கு அனுப்புவதையே விட்டுவிட்டார். ஆறு வருடமாக அவரிடம் மட்டுமே வாங்கிய ஸ்கார்பரோ வாடிக்கையாளர் ஒருவர் கோபித்துக்கொண்டு அங்கேயே ஒரு கடையில் வாங்க ஆரம்பித்துவிட்டாராம். "அந்த முறுக்கு கடக்கு முடக்குனு இருக்காது" என்றார் அக்கா, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே.