சிரிஞ்சில் ஜெல் நிரப்பி அச்சடிக்கலாம்

2022-இல் ஹைதராபாத்தில் விழிவெண்படலம் ஒன்றை அச்சடித்து முயலின் கண்ணில் பொருத்தினார்கள் என்ற செய்தி வந்தது. எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை, ஐ.ஐ.டி., சி.சி.எம்.பி. மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. அதைச் செய்யும் பயோபிரிண்டரின் விலையைக் கேட்டால் கல்லூரி மாணவர் ஆசையை மூட்டை கட்டிவிடுவார். ஆனால் இந்தத் துறை தொடங்கியதே மலிவான இயந்திரங்களில்தான். இருபது ஆண்டுகளுக்கும் முன்பே அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போலண்ட், சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரைப் பிரித்து மாற்றித்தான் செல்களை அச்சடித்துப் பார்த்தார்.

நாம் கட்டப்போவது அதைவிட எளிது. பழைய 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக்கை உருக்கும் தலையைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சு ஒன்றை மாட்டுகிறோம். உறுப்பெல்லாம் வராது, ஜெல்லை நினைத்த கோட்டில் இழுக்கும், அவ்வளவுதான். மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் ஒரே வளாகத்தில் இருக்கும் புதுச்சேரி பிள்ளையார்குப்பத்தில் இதற்கு வேண்டிய பாதிப் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். மோட்டார், லீட் ஸ்க்ரூ, கப்ளர் மட்டும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ வாங்க வேண்டும்.

தலையைக் கழற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சிரிஞ்சைப் பிடிக்கும் தாங்கியையும் பிஸ்டனைத் தள்ளும் கட்டையையும் அதே பிரிண்டரில் அச்சடித்து எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு நினைவு வந்து பயனில்லை. மேலே ஒரு நேமா 17 ஸ்டெப்பர் மோட்டார், அதிலிருந்து கீழே இறங்கும் 8 மி.மீ. லீட் ஸ்க்ரூ, இரண்டு பக்கமும் கம்பிகள், நடுவில் நட்டுடன் நகரும் கட்டை. அமைப்பு இவ்வளவே. ஸ்க்ரூ வாங்கும்போது ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகர்வதைக் கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாகக் கொடுப்பது சுற்றுக்கு 8 மி.மீ. போகும், அதில் நுணுக்கமும் வராது, ஜெல்லின் அழுத்தத்தில் பின்னால் உருளவும் செய்யும். சிரிஞ்சின் காது உட்காரும் பள்ளத்தில் துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது.

வயரிங்கில் ஒரு கண்ணி. வெப்பத் தலையோடு தெர்மிஸ்டரையும் பிடுங்கிவிட்டால் பிரிண்டர் பிழை காட்டி நின்றுவிடும். சூடாக்கியின் வயரை மட்டும் கழற்றிவிட்டு, தெர்மிஸ்டரை ஓரமாக ஒட்டி வையுங்கள். குளிர்ந்த நிலையில் தள்ள மறுக்கும் பாதுகாப்பை எம்302 எஸ்0 கட்டளை நீக்கும். பிறகு கணக்கு. ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 படி, டிரைவர் அதை 16 ஆகப் பிரித்தால் 3200. ஸ்க்ரூ 2 மி.மீ. என்றால் மி.மீ.க்கு 1600 படி. இதை இ-ஸ்டெப்ஸ் மதிப்பாகக் கொடுங்கள். ஸ்லைசரில் இழை விட்டம் கேட்கும் இடத்தில் சிரிஞ்சின் உள்விட்டத்தைப் போடுங்கள். மீதிக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். இழை தள்ளும் உச்ச வேகத்தை விநாடிக்கு 2 மி.மீ.க்குக் குறைக்க மறக்காதீர்கள்; இல்லையென்றால் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும்.

10 மி.லி. சிரிஞ்சுகளின் உள்விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அளந்துதான் ஆக வேண்டும். 15 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் 10 மி.மீ. நகரும்போது 1.77 கிராம் தண்ணீர் விழ வேண்டும். நகை எடை போடும் சின்னத் தராசு போதும். இந்தச் சோதனையில் தேறாமல் ஜெல்லைத் தொடாதீர்கள்.

ஊசிக்கு 18 கேஜ் மொட்டை முனை, பூட்டும் வகைச் சிரிஞ்சு. மருந்துக்கடையில் புதிதாக வாங்குங்கள். ஆஸ்பத்திரிக் கழிவிலிருந்து எடுப்பது ஆபத்து, 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளுக்கு மாறானதும்கூட. ஊசி பழைய நாசிலைவிட நீளம் என்பதால் இசட் ஸ்விட்சை மேலே ஏற்றி மாட்டிவிட்டே மெஷினை ஆன் செய்யுங்கள். இல்லையெனில் முதல் 'ஹோம்' கட்டளையிலேயே ஊசி கண்ணாடியில் குத்தி வளையும்.

முதலில் தலைக்குப் போடும் ஜெல்லில் பழகுங்கள். விநாடிக்கு 10 மி.மீ. வேகம், கண்ணாடியிலிருந்து 0.7 மி.மீ. உயரம். ஜாங்கிரி பிழிபவர் துணியை அழுத்துவதும் கையைச் சுழற்றுவதும் ஒரே தாளத்தில் போவதுபோல, தள்ளும் அளவும் நகரும் வேகமும் பொருந்த வேண்டும். கோடு அறுந்தால் அளவு போதவில்லை, அலையலையாகச் சுருண்டால் அதிகம். நிறுத்தச் சொன்ன பிறகும் ரப்பர் பிஸ்டன் விரிந்து ஜெல் சொட்டும். இந்த வகை இயந்திரத்தின் பிறவிக் குணம் அது. அதனால் முதல் வடிவமாக, எடுத்த கை வைக்காமல் முடியும் ஒரே இழைச் சிக்குக் கோலத்தைக் கொடுங்கள். நிறுத்தமே இல்லாததால் சொட்டவும் வழியில்லை. கோலத்தைக் கணினி விதிகளாக எழுதுவது நமக்குப் புதிதும் அல்ல: கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

அடுத்தது சோடியம் ஆல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை என்பார்களே, அந்த இனம். பல் மருத்துவ மாணவர்கள் உடனே "எங்ககிட்டயே இருக்கே" என்பார்கள். அதைத் தொடாதீர்கள். பல் அச்சு எடுக்கும் ஆல்ஜினேட்டில் கால்சியம் சல்ஃபேட் கலந்திருக்கும். தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் சிரிஞ்சுக்குள்ளேயே இறுகிவிடும். தனி சோடியம் ஆல்ஜினேட் 4 கிராம், வாலை வடிநீர் 100 மி.லி. போர் தண்ணீரில் கால்சியம் இருப்பதால் அது வேண்டாம். தூளைத் தூவித் தூவிக் கலக்கி, குமிழ் அடங்க ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். இறுக வைக்க, 100 மி.லி. நீரில் டைஹைட்ரேட் வகை கால்சியம் குளோரைடு 1.47 கிராம். அச்சடித்த பிறகு இதை ஸ்ப்ரே செய்தால் கோடு ரப்பர் போல் நிற்கும். தெளிக்கும்போது ஊசியைத் தள்ளி வையுங்கள். அடைத்துக்கொண்டால் சோடியம் சிட்ரேட் கரைசலில் ஊற வைத்தால் கரையும்.

உயரமாக அடுக்க ஜெலட்டின் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. புதுச்சேரி மே மாத வெயிலில் ஜெலட்டின் இறுகாது. ஏசி அறை இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போக வேண்டாம். அகார் வெயிலைத் தாங்கும், ஆனால் ஊசியிலேயே உறையும். ஆக, மார்கழி வரும்வரை ஒன்றிரண்டு அடுக்கோடு நிறுத்திக்கொள்வதே என் யோசனை.

ரத்தம், செல், திசு எதையும் இந்த இயந்திரத்தில் ஏற்றாதீர்கள். அது நெறிமுறைக் குழுவின் அனுமதியும் உயிரியல் பாதுகாப்பு வசதியும் உள்ள ஆய்வகத்தின் வேலை. அப்படி ஓர் ஆய்வகத்தில் இடம் கிடைத்தால், எந்தக் கலவை, எந்த வெப்பநிலை, எந்த ஊசி என்று குறித்து வைத்த நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.