காய்ச்சல் விட்டாலும் கவனம் விடக் கூடாது

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மருந்துக்கடைகளில் பாராசிட்டமால் விற்பனை சூடுபிடிக்கும். கூடவே அறிவுரைகளும் வீட்டுக்கு வீடு வந்துவிடும். தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, சோறு போடாதே, ஒரு ஊசி போட்டால் நின்றுவிடும், இல்லாவிட்டால் மூளைக்கு ஏறிவிடும். இவற்றில் பாதி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் தீங்கில்லாதவை. ஆனால் காய்ச்சலைப் பற்றிய ஒரு நம்பிக்கை மட்டும் டெங்கு காலத்தில் குழந்தைகளைக் காலம் கடந்து மருத்துவமனைக்குக் கொண்டுவர வைக்கிறது. அதைச் சரியாகப் புரிந்துகொள்ள, காய்ச்சலின்போது உடம்பு என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

“98.6-ஐத் தாண்டினாலே காய்ச்சல்தான்”

இந்த எண்ணுக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் வுண்டர்லிக் என்ற மருத்துவர் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்து அளந்தார். உடலின் இயல்பு வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்று 1868-ல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அந்த 37-ஐ ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6. புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் இருப்பதால் ஏதோ துல்லியமான எல்லைக்கோடு போலத் தெரிகிறது, அவ்வளவுதான். 1992-ல் அமெரிக்காவில் ஆரோக்கியமானவர்களை அளந்து பார்த்தபோது சராசரி 98.2 என்று வந்தது.

அதுவும் நாள் முழுக்க ஒரே அளவாக இருப்பதில்லை. விடியற்காலையில் குறைந்தும் மாலை நான்கு, ஐந்து மணிக்கு உயர்ந்தும் இருக்கும். ஓடியாடி விளையாடிவிட்டு வந்த குழந்தைக்கு மாலையில் 99 காட்டினால் அது காய்ச்சல் ஆகாது. பொதுவாக 100.4-ஐத் தொட்டால்தான் மருத்துவர்கள் காய்ச்சல் என்கிறார்கள். மூன்று மாதம் நிறையாத பச்சைக் குழந்தைக்கு மட்டும் அந்த 100.4 வந்தாலே போதும், வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

“காய்ச்சல்தான் நோய், உடனே இறக்கிவிட வேண்டும்”

கிருமி உள்ளே நுழைந்ததும் வெள்ளையணுக்கள் இன்டர்லூக்கின் போன்ற புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸுக்கு அந்தச் செய்தி போனதும் அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. உடம்பு இருக்க வேண்டிய வெப்பத்தின் இலக்கை அது உயர்த்திவிடுகிறது. இலக்கு 39 டிகிரி, உடம்போ இன்னும் 37-ல். இந்த இடைவெளியைத்தான் நாம் குளிராக உணர்கிறோம். தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கிக் கைகால் சில்லிடுகிறது. தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. 39-ஐ எட்டியதும் நடுக்கம் நின்றுவிடும். பிறகு இலக்கு மறுபடி இறங்கும்போது வியர்த்துக் கொட்டும். பாராசிட்டமால் செய்வதெல்லாம் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்து இலக்கை இறக்குவதுதான். கிருமியை அது தொடுவதே இல்லை.

இவ்வளவு சிரமப்பட்டு உடம்பு ஏன் சூடேற்றிக்கொள்கிறது? பல கிருமிகள் அந்தச் சூட்டில் மெதுவாகப் பெருகுகின்றன, நம் வெள்ளையணுக்கள் சுறுசுறுப்பாகின்றன. 1970-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளூகர் பாலைவன இகுவானாக்களை வைத்து இதைச் சோதித்தார். பல்லி இனமான அவற்றால் தாமாக உடம்பைச் சூடாக்க முடியாது. பாக்டீரியாவை ஊசி வழியே செலுத்தியதும் அவை வெப்பமான இடத்தைத் தேடிப் போய் ஒண்டின. சூட்டில் இருந்தவை பெரும்பாலும் பிழைத்தன. குளிர்ந்த இடத்தில் வைக்கப்பட்டவற்றில் பல செத்துப்போயின. கோடிக்கணக்கான ஆண்டுகளாக உயிரினங்கள் கைவிடாமல் வைத்திருக்கும் ஒரு தற்காப்பு இது.

அதற்காக மாத்திரையே கூடாது என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். மனிதர் இகுவானா அல்லர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 700 காய்ச்சல் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. பாராசிட்டமால் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆக, மாத்திரை கொடுப்பது வலிக்கும் அசதிக்கும்தான். 101 டிகிரியில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் விட்டுவிடலாம். 100-லேயே சுருண்டு படுத்து அழுதால் மருந்து கொடுக்கலாம். தூங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்ப வேண்டியதில்லை.

கொடுக்கும் அளவில்தான் நம் வீடுகளில் தவறு அதிகம் நடக்கிறது. குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்குக் கொடுக்கலாம். பத்துக் கிலோக் குழந்தைக்கு 150 மில்லிகிராம். ஆனால் கடையில் கிடைக்கும் பாட்டில்கள் ஒரே வீரியம் உள்ளவை அல்ல. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி தேவை. 250 என்று போட்டிருந்தால் 3 மில்லி. மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லியே போதும். மூன்று பாட்டிலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். “மூத்தவனுக்கு ஒரு மூடி கொடுத்தோம், இவனுக்கும் ஒரு மூடி” என்று ஊற்றினால் ஒன்று மருந்து பற்றாது, அல்லது ஈரல் கெடும். லேபிளில் உள்ள எண்ணைப் படிக்காமல் பாட்டிலைச் சாய்க்காதீர்கள். அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

“காய்ச்சல் மூளைக்கு ஏறிவிடும்”

பெற்றோரை நடுங்க வைக்கும் சொல் இது. இந்தப் பயத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மூளைக்காய்ச்சல். அங்கே கிருமி முதலில் மூளையையோ அதன் உறையையோ தாக்குகிறது, அதனால் காய்ச்சல் வருகிறது. சாதாரணக் காய்ச்சல் படிப்படியாக ஏறி மூளைக்காய்ச்சலாக மாறுவதில்லை. கழுத்தை வளைக்க முடியாமை, விடாத வாந்தி, நினைவு தடுமாறுவது ஆகியவைதான் அதன் அடையாளங்கள். வெப்பமானியில் இவை தெரியாது.

மற்றொன்று, வலிப்பு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுப்பதைப் பார்க்கும் தாய்க்கு அந்த இரண்டு நிமிடம் ஒரு யுகம். ஆனாலும் வழக்கமான காய்ச்சல் வலிப்பு மூளையைப் பாதிப்பதில்லை, படிப்பைக் கெடுப்பதில்லை, பெரும்பாலும் பிற்காலத்தில் வலிப்பு நோயாகவும் மாறுவதில்லை. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, பல்லுக்கிடையே கரண்டி வைப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது ஆகியவைதான் ஆபத்து. பல் உடையும், மூச்சுக்குழாயில் தண்ணீர் இறங்கும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். நின்றுவிட்டாலும், முதல் முறை என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூளையை உண்மையாகவே கெடுக்கும் சூடு ஒன்று உண்டு. அது சித்திரை வெயிலில் வேலை செய்பவருக்கு வரும் வெப்பத்தாக்கு. அங்கே இலக்கு உயரவில்லை. வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் உடம்பு தோற்றுப்போகிறது. அதற்குப் பாராசிட்டமால் பயன்படாது. நிழலுக்குத் தூக்கி வந்து, தண்ணீரை ஊற்றி, விசிறியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ச்சலில் ஐஸ் தண்ணீரால் துடைத்தாலோ நேர் எதிர் விளைவு. இலக்கு மேலேயே இருப்பதால் உடம்பு இன்னும் நடுங்கிச் சூடேற்றும்.

“உள்காய்ச்சல் இருக்கு, தெர்மாமீட்டர்ல தெரியாது”

வெப்பமானிக்குத் தப்பும் தனிக் காய்ச்சல் என்று ஒன்று இல்லை. ஆனால் அப்படிச் சொல்பவரின் அவதி பொய்யல்ல. ரத்தத்தில் சேரும் அதே புரதங்கள் உடம்புவலி, சோர்வு, பசியின்மையைச் சூடு ஏறுவதற்கு முன்னரே கொண்டுவந்துவிடும். ரத்தசோகை, தைராய்டு, மாதவிடாய் நிற்கும் காலம் எல்லாவற்றிலும் இப்படித் தோன்றலாம். வீட்டில் பெண்கள் இதைச் சொல்லும்போது “உனக்கு ஒண்ணுமில்லை” என்று தள்ளிவிடுவது எனக்குக் கோபம் வரவைக்கும் பழக்கம். ஒரு வாரம் மாலை வேளையில் அளந்து எழுதி வையுங்கள். மாலைதோறும் ஏறினால் காசநோய்க்கான பரிசோதனை அவசியம். ஏறாவிட்டால் சோர்வுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

“காய்ச்சலுக்குச் சோறு ஆகாது, குளிக்கவும் கூடாது”

ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பின் எரிபொருள் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அந்த நேரத்தில் இரண்டு ரொட்டித் துண்டோடு நிறுத்துவது நியாயமே இல்லை. கஞ்சி, இட்லி, ரசம் சாதம், முட்டை, எது இறங்குகிறதோ அதைக் கொடுக்கலாம். வெதுவெதுப்பான நீரில் குளிப்பதாலும் ஒன்றும் ஆகாது. கம்பளியை நான்கு மடிப்பாகப் போர்த்தி வியர்க்க வைப்பதால் கிருமி வெளியேறாது. குளிரும்போது போர்த்துங்கள், புழுங்கும்போது எடுத்துவிடுங்கள்.

“காய்ச்சல் விட்டாச்சு, இனி பயமில்லை”

பெரும்பாலான காய்ச்சல்களில் இது உண்மை. டெங்குவில் இதை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

டெங்குவின் போக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும். முதல் மூன்று நாள் 103, 104 என்று அடிக்கும். கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறித்துப்போட்டது போல இருக்கும். நான்காம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு குளிர்ந்திருக்கிறது. வெப்பமானி 99 காட்டுகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்பா வேலைக்குப் போய்விடுகிறார். மதியம் குழந்தை வயிறு வலிக்கிறது என்கிறது, இரண்டு முறை வாந்தி எடுக்கிறது, பிறகு அசந்து படுத்துக்கொள்கிறது. பாவம், மூன்று நாள் அலுப்பு, தூங்கட்டும் என்று விடுகிறார்கள். மாலையில் கைகால் சில்லென்று இருக்கிறது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அந்தச் சில மணி நேரத்தில் நடந்தது இதுதான். வைரஸ் குறைந்துவிட்டது, அதனால் காய்ச்சலும் விட்டது. ஆனால் அதை எதிர்த்து எழுந்த நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சீற்றத்தில் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர்கள் தளர்ந்து கசியத் தொடங்குகின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் வடிகிறது. குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டிப்படுகிறது. பரிசோதனைத் தாளில் ஹிமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 36-லிருந்து 44-க்கு ஏறியிருந்தால் இந்தக் கசிவைத்தான் அது சொல்கிறது. இதயம் வேகமாக அடித்து, தோலுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கி, முக்கிய உறுப்புகளைக் காப்பாற்றப் பார்க்கிறது. கைகால் சில்லிடுவது அதனால்தான். இந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். சரியான அளவில் திரவம் ஏற்றித் தாண்டவைத்துவிட்டால் கசிந்த நீர் தானே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். கடுமையான டெங்குவில் சிகிச்சையில்லாமல் விட்டால் நூற்றுக்கு இருபது பேர் வரை இறக்கலாம். நல்ல கவனிப்பு கிடைத்தால் அது ஒருவருக்கும் கீழே இறங்கிவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஆனால் எல்லோருடைய கண்ணும் தட்டணுக்கள் மீதே இருக்கிறது. “பிளேட்லெட் எவ்வளவு?” என்று கேட்காத உறவினர் கிடையாது. தட்டணுக்கள் குறைவது நோயின் போக்கைக் காட்டும் அடையாளம். டெங்குவில் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் கசிவும் அதனால் வரும் அதிர்ச்சி நிலையும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-க்குக் கீழே தட்டணு இறங்கிய பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. ரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியதால் ரத்தப்போக்கு குறையவில்லை. பப்பாளி இலைச் சாறு எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டுவதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. கசிவை அது நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. நிலவேம்புக் குடிநீர் குடித்தோம் என்ற தைரியத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதும் தவறு.

மழைக்காலத்தில் வரும் எந்தக் காய்ச்சலுக்கும், டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை, பாராசிட்டமாலைத் தவிர வேறு காய்ச்சல் மருந்து வேண்டாம். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம், “ஒரே ஊசியில் நிக்கும்” என்று போடப்படும் டைக்ளோஃபினாக் எல்லாமே ரத்தப்போக்குக்கு வழி செய்யும். ஊசி கேட்டு மருத்துவரை வற்புறுத்தாதீர்கள்.

காய்ச்சல் விட்ட நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். அங்கிருந்து இரண்டு நாள் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். ஓ.ஆர்.எஸ்., கஞ்சித் தண்ணீர், மோர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், இனம்புரியாத அமைதியின்மை அல்லது எழுப்பினாலும் எழாத அசதி, சில்லிட்ட கைகால், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள். மருத்துவரிடம் தட்டணுவோடு ஹிமடோக்ரிட்டையும் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது.