அலையும் கவனம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்

வகுப்பில் ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். அறுபது பேர் அமர்ந்திருக்கிறோம். ஒருவன் மட்டும் சன்னல் வழியே காக்கையைப் பார்க்கிறான். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறான். கேள்வி முடியுமுன்பே பதிலைச் சொல்லிவிடுகிறான். வீட்டுப்பாடத்தை எழுதியும் எடுத்துவர மறந்துவிடுகிறான். சோம்பேறி, அடங்காதவன், திமிர் பிடித்தவன் என்று அவனுக்குப் பெயர்கள் பல. என் தம்பிக்கு இம்மூன்றும் இருந்தன.

மருத்துவம் இதற்கு இட்ட பெயர் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு; சுருக்கமாக ஏ.டி.எச்.டி. 1902-இல் இலண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய சிறுவர்களைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறைவில்லாத பிள்ளைகளும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாதிருப்பதைக் கண்ட அவர், அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே அழைத்தார். அத்தனை பெரிய மருத்துவரே அப்படிச் சொன்னாரென்றால், எங்கள் குப்பத்தாரைக் குறைகூறி என்ன பயன்? 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 'கவனம்' என்னும் சொல்லை நோயின் பெயரிலேயே சேர்த்தது.

விலங்கியல் மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு. மூளையின் புறணியில் பாதிப் பகுதி உச்சத் தடிப்பை எட்டும் வயது மற்றக் குழந்தைகளுக்கு ஏழரை, இவர்களுக்குப் பத்தரை. வளரும் வரிசை ஏறக்குறைய ஒன்றே, காலம்தான் பிந்துகிறது. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகளோ மரபின் பங்கு நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் என்கின்றன. ஆகவே வளர்ப்பு சரியில்லை என்று தாயைப் பழிப்பது அறிவியலுக்கு ஒவ்வாது. (எங்கள் அம்மா இதைக் கேட்டு அழுதுவிட்டார்.) வயது வந்ததும் எல்லாருக்கும் சரியாகிவிடும் என்பதும் இல்லை, கல்லூரி வரையிலும் அதற்குப் பின்னும் தொடர்வதுண்டு.

இது அரிதான ஒன்றன்று. உலக அளவில் பள்ளி வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஐவர் என்பது பொதுவான மதிப்பீடு. கோயம்புத்தூரில் நான்கு பள்ளிகளில் 770 குழந்தைகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை 11.32 விழுக்காடு என்றது. அளக்கும் முறைக்கேற்ப எண் மாறும். குறைந்த கணக்கின்படி பார்த்தாலும் அறுபது பேர் வகுப்பில் மூவர்.

என் தம்பி ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டான். தினமும் வெளியே முட்டி போட்டு நிற்க அவனுக்கு மனமில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அப்பாவுடன் கடலுக்குப் போகத் தொடங்கினான். நீரின் நிறம் மாறுவதையும் பறவைகள் கூடுவதையும் முதலில் காண்பவன் அவன்தான். ஆனால் டீசல் கேனைக் கரையிலேயே மறந்துவிட்டுப் போனவனும் அவன்தான். "அவன் கண்ணு எட்டுத் திசையும் போவுது, கைக்குத்தான் ஞாபகம் இல்ல" என்பார் அப்பா.

கென்யாவின் அரியால் மக்களிடம் செய்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. ஏ.டி.எச்.டி.யுடன் தொடர்புடையதாகக் கருதப்படும் ஒரு மரபணு வடிவத்தைக் கொண்ட ஆண்கள், நாடோடி மேய்ப்பர்களாக இருந்தபோது நல்ல உடல் ஊட்டத்துடன் இருந்தனர். ஓரிடத்தில் குடியேறியவர்களுள் அதே வடிவம் உடையோர் மெலிந்திருந்தனர். ஒரே ஓர் ஆய்வைக் கொண்டு பெரிய கோட்டை கட்டலாகாதுதான். ஆயினும் ஒரே இயல்பு ஓரிடத்தில் துணையாகவும் வேறிடத்தில் சுமையாகவும் அமையலாம் என்பதை அது காட்டுகிறது. மூளைப் பன்மை என்று இக்காலத்தார் சொல்வதன் பொருளை நான் இவ்வாறே கொள்கிறேன். அதனை வரம் என்று புகழ்வோரும் உளர், எனக்கு உடன்பாடில்லை. துன்பம் உண்மையானது. மருந்தும் பயிற்சியும் பலருக்கு உதவுகின்றன.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் இருபத்தொரு வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. தனியே இல்லை. ஆதலால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கவும் வழி எளிதன்று. மதிப்பீட்டுக்கு நாம் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. பைத்தியம் என்பார்களோ என்ற அச்சம்தான் அவ்வளவு தூரத்தையும் நீளமாக்குகிறது. நாங்களே மூன்றாண்டுகள் தாமதித்தோம்.

தம்பி இப்போது தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புக்குப் படிக்கிறான். உட்கார்ந்து படி என்று நான் சொல்வதில்லை. மாலையில் படகின் நிழலில் நான் வரலாற்றுப் பாடத்தை உரக்கப் படிக்கிறேன்; அவன் கிழிந்த வலையைப் பின்னியபடியே கேட்கிறான். இருபது நிமிடத்துக்கொரு முறை எழுந்து அலைவரை போய்த் திரும்புகிறான். சென்ற வாரம் நான் ஓர் ஆண்டைத் தவறாகப் படித்தேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் அதைத் திருத்தினான்.