சக்கரத்தின் நடுமூடி: சிறிய பழுது, பெரிய அமானிதம்



வாகனப் பழுதுநீக்கும் தொழிலைக் கற்றுவரும் நம் இளைஞர்களுக்கும், சொந்தமாக வண்டி வைத்திருக்கும் சகோதர சகோதரிகளுக்கும் பயன்படும் ஒரு பாடத்தை இம்முறை பார்ப்போம்.

இரும்பு ரிம் பூட்டிய கார்களில் சக்கரத்தின் நடுவே ஒரு சிறிய மூடி இருக்கும். வீல் கேப் என்றும் சென்டர் கேப் என்றும் பட்டறைகளில் சொல்வார்கள். அது இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். அதனாலேயே அதன் பிடிமானம் உடைந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி ஏற்றி அனுப்பிவிடுகிறோம். வேகமாகச் சுழலும் சக்கரத்திலிருந்து அது தெறித்தால், பின்னால் இருசக்கர வண்டியில் வருபவரின் கதி என்ன? பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அப்படியொரு பொருள் நம் கைவேலையால் பாதையில் விழாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பே.

எந்த மூடி என்று அறிதல்

வெளியே தெரியும் நடுமூடி வேறு. சில வண்டிகளில் அதற்கு உள்ளே, ஹப்பின் முனையில் அடித்து இறுக்கப்பட்டிருக்கும் தகரக் கிரீஸ் மூடி வேறு. கிரீஸ் மூடிதான் மழைநீரும் மணலும் பேரிங்குக்குள் புகாமல் காக்கிறது. அது நசுங்கியிருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ உடனே புதியது போட வேண்டும். வெளிமூடி அதற்கு ஈடாகாது.

பிடிமானங்களும் பழுதுகளும்

1. பிளாஸ்டிக் பற்கள்: மூடியின் பின்புறப் பற்கள் ரிம்மின் நடுத்துளையில் மாட்டிக்கொள்ளும். சிலவற்றில் உள்ளே ஒரு கம்பி வளையம் பற்களை வெளிப்பக்கம் தள்ளி நிற்கும். வளையம் மட்டும் கெட்டிருந்தால் அதே அளவில் வேறு வளையம் போடலாம். பற்கள் முறிந்திருந்தால் பசை போட்டு ஒட்டாதீர்கள். வெயிலும் அதிர்வும் பிரேக்கின் சூடும் சேர்ந்து பசையை விடுவித்துவிடும். மூடியையே மாற்றுவதுதான் சரி.

2. ஸ்பிரிங் கிளிப்: உலோக மூடிகளில் இது ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். ரிவெட் ஆடினால் அதைத் துளைத்து எடுத்துவிட்டு, அதே கனத்தில் புது ரிவெட் அடிக்கலாம். விறைப்பு இழந்த கிளிப்பை நெருப்பில் காட்டி வளைக்கக் கூடாது, பதம் போய்விடும்.

3. ஸ்குரூ: துருப்பிடித்து இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். தலை முறிந்துவிட்டால் நடுவில் பஞ்ச் அடித்து, சிறு பிட்டால் துளையிட்டு, எக்ஸ்ட்ராக்டரால் இடப்பக்கம் திருப்பி எடுக்கலாம். மரை போயிருந்தால் டேப் போட்டுப் புது மரை எடுக்கலாம். இது மூடியைப் பிடிக்கும் சிறு ஸ்குரூவுக்கு மட்டுமே. சக்கரத்தையே தாங்கும் ஸ்டட்டிலும் வீல் நட்டிலும் மரை கெட்டால் அவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

4. நட்டின் கீழ் அமரும் மூடி: சில வண்டிகளில் மூடியின் விளிம்பை வீல் நட்டுகளே பிடித்திருக்கும். அந்த வண்டிக்கென்று செய்யப்படாத மூடியை இப்படி மாட்டினால் நட் தன் குழியில் சரியாக உட்காராது. ஓட்டத்தில் நட் தளர்ந்து சக்கரமே கழலலாம்.

செய்யவே கூடாதவை

டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைக்காதீர்கள். கிளிப்பையோ சிறு நட்டையோ ஒரு பொட்டு வைத்துவிடலாம் என்று தோன்றும். அந்தச் சூட்டில் டயருக்குள் இருக்கும் ரப்பர் சிதைந்து எரியக்கூடிய வாயு உண்டாகி டயர் வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டாலும் ஆபத்து தீராது. இதில் உயிரிழந்த தொழிலாளர்கள் உண்டு.

மூடி ஏறவில்லை என்று நடுத்துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்காதீர்கள். பல கார்களில் ரிம் ஹப்பின் மேல் நேராக உட்கார்வது அந்தத் துளையால்தான். நட் துளைகளைச் சுற்றிக் கீறல் விட்டிருந்தால் மூடி வேலையை நிறுத்திவிடுங்கள். அந்த ரிம் இனி உதவாது.

வேலை முறை

சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கி ஏற்றுங்கள். மூடி அமரும் இடத்தின் துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் நீக்கி, பிரைமரும் பெயிண்ட்டும் அடியுங்கள். நட் அமரும் குழியிலும், ரிம் ஹப்பைத் தொடும் முகத்திலும் பெயிண்ட் படக் கூடாது. அது நசுங்கி உதிரும்போது நட்டின் இறுக்கம் குறையும்.

நட்டுகளை முதலில் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்குங்கள். வண்டியை இறக்கியபின் வாகனக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் முடியுங்கள். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். மூடியை உள்ளங்கையால் அழுத்தி ஏற்றி, விரல்களால் இழுத்துப் பாருங்கள். ஆடினால் அந்த மூடியோடு வண்டியை அனுப்பாதீர்கள். மூடியில்லாமல் அனுப்பினாலும் பரவாயில்லை; உரிமையாளரிடம் சொல்லி அனுப்புங்கள்.

மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே என்ன செய்தோம் என்பது வண்டிக்காரருக்குத் தெரியாது. முறிந்த ஸ்குரூவை எடுத்தோமா, அப்படியே விட்டு மறைத்தோமா என்பது நமக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரியும். ஆகவே கழற்றிய பழைய பாகத்தை அவரிடம் காட்டுங்கள். செய்ததைச் சொல்லி, செய்த வேலைக்கு மட்டும் கூலி வாங்குங்கள். அந்தக் கூலியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.