சினையாட்டின் கடைசி ஆறு வாரங்கள்

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சிப் பகுதியில் நாம் காணும் சேலம் கருப்பு வெள்ளாட்டிற்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். கருவின் எடையில் பெரும்பகுதி கூடுவது கடைசி ஆறு வாரங்களில்தான். அதற்கு வேண்டிய சர்க்கரையைத் தாயின் இரத்தமே அளிக்க வேண்டும். குட்டிகள் வயிற்றை அடைப்பதால் ஆடு தின்பதோ குறைகிறது. அப்பொழுது இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, உடற்கொழுப்புக் கரைந்து, கீட்டோன் என்னும் பொருள்கள் மிகுகின்றன. இரட்டைக்குட்டி சுமக்கும் ஆட்டிற்கே இவ்வபாயம் அதிகம்.

மந்தையை விட்டு ஒதுங்கித் தீனி மறுப்பதைக் கண்ணேறு என்று நாள் கடத்துவோர் தாயையும் குட்டிகளையும் ஒருங்கே இழக்க நேரும். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அவ்வாரங்களில் தழையோடு தானியமும் பிண்ணாக்கும் கலந்து, சிறுகச் சிறுகக் கூட்டி, நாளொன்றுக்குக் கால் கிலோ வரை கொடுத்து வரலாம். மரவள்ளித் தழையை மட்டும் வாட்டாமல் போடலாகாது.