அசகுசாவில் நெரிசலின்றி ஓர் உலா

டோக்கியோ மாநகரின் அசகுசா வட்டாரத்தைக் காணச் செல்வோருக்குப் பிரதான உபத்திரவம் ஜன நெரிசலே. அதைத் தவிர்க்கவும் உலாவை இனிதாக்கவும் சில யோசனைகள் இதோ.

1. சென்சோஜி ஆலயத்தை உதயகாலத்திலேயே தரிசித்துவிடுங்கள். பிரதான மண்டபம் காலை 6 மணிக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை 6.30-க்கும் திறந்துவிட, ஆலயத்திற்கு இட்டுச்செல்லும் நகாமிசே வீதியின் கடைகளோ வெகுநேரம் கழித்தே விழித்தெழுகின்றன ஆதலால், காமினாரிமோன் வாயிலில் தொங்கும் மாபெரும் செந்நிற விளக்கைச் சாவகாசமாக நின்று பார்க்கலாம்.

2. சிவப்புப் பயற்றின் இனிப்பு விழுது பொதிந்த நிங்யோயாகி என்னும் அச்சுப் பணியாரத்தை வாங்கினால், கடைவாசலிலேயே நின்று உண்ணுங்கள். நடந்துகொண்டே தின்பதை நகாமிசே வீதியில் விரும்புவதில்லை, குப்பைத்தொட்டியும் அபூர்வம்.

3. சைவ உணவினர் சோபா நூடுல்ஸ் கேட்குமுன் விசாரியுங்கள். கண்ணுக்குக் காய்கறி மட்டுமே தென்பட்டாலும், அதன் சாறு அநேகமாக உலர்ந்த மீனிலிருந்து இறக்கப்பட்டதே.

4. 100 யென் நாணயம் ஒன்றைக் கைவசம் வையுங்கள். ஆலயத்தில் குறிச்சீட்டு எடுக்க அது வேண்டியிருக்கும். அசுப பலன் வந்தால் (இங்கே அது தாராளமாகவே வரும்!) அருகிலுள்ள கம்பியில் கட்டிவிடுங்கள், துரதிருஷ்டம் அங்கேயே தங்கிவிடும் என்பது ஐதிகம்.

5. காமினாரிமோன் வாயிலுக்கு எதிரேயுள்ள சுற்றுலாத் தகவல் மையத்தின் 8-ஆம் தளத்திற்கு ஏறுங்கள். கட்டணமின்றி, வீதியும் ஆலயமும் ஒருங்கே தெரியும்.