பனியில் கருகும் பாலைவனப் பயிர்

பாலைவனம் என்றதும் கொதிக்கும் மணல்தான் நம் நினைவுக்கு வருகிறது. இராஜஸ்தானில் தார்ப் பாலைவனத்தின் விளிம்பில் சுரு என்னும் நகரம் உள்ளது. 2019 ஜூன் 1 அன்று அங்கே வெப்பநிலை 50.8 டிகிரி செல்சியஸை எட்டியது. அதே ஊரில் 1973 டிசம்பரில் அது சுழிக்குக் கீழே 4.6 டிகிரி வரை இறங்கியதும் உண்டு! ஒரே ஊரில் 55 டிகிரிக்கு மேல் வேறுபாடு எப்படி வந்தது?

சித்திரை மாத நண்பகலில் வைகை மணலில் வெறுங்காலுடன் நடந்தால் கால் பொறுக்காது. ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். உள்ளே அவ்வளவு சூடு இராது. உலர்ந்த மணல் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆகவே அதன் மேற்பரப்பு பகலில் விரைவாகச் சூடேறி, இரவில் விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது.

இரவில் நிலம் வெப்பத்தைக் கதிர்களாக வானை நோக்கி வெளியிடுகிறது. மேகமும் காற்றிலுள்ள நீராவியும் அதை உட்கவர்ந்து, ஒரு பகுதியை நிலத்துக்கே திருப்பியனுப்புகின்றன. நமக்கு அவை போர்வை போன்றவை. மதுரையில் மார்கழியிலும் உறைபனி இல்லை. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதோடு, இந்தப் போர்வையும் அதற்குக் காரணம். சுருவிலோ குளிர்கால இரவு நீண்டது, காற்று வறண்டது, வானம் தெளிந்தது. காற்று அசையாத இரவில் இலைகள், மேலுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்கின்றன. எனவே வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே இலைமேல் உறைபனி படியலாம். அங்குள்ள உழவர்கள் இதைப் 'பாலா' என்பார்கள்.

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் உள்ள சீரகம் பெரும்பாலும் இராஜஸ்தானிலும் குஜராத்திலும் விளைவது. அது பூக்கும் பருவத்தில் உறைபனி விழுந்தால், பல மாத உழைப்பு ஓரிரவில் பாழாகும். முதலில் செல்களுக்கு இடையிலுள்ள நீர் உறைகிறது. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்கிறது. செல் வறண்டு, அதன் சவ்வு சிதைகிறது. வெயில் ஏறியதும் இலையும் பூவும் துவண்டு, நெருப்புப் பட்டதுபோல் கருகுகின்றன.

இதைத் தடுக்க, உறைபனி வரும் என்று தெரிந்த மாலையில் உழவர்கள் வயலுக்கு இலேசாக நீர் பாய்ச்சுகிறார்கள். குளிர்காலத்தில் நீர் பாய்ச்சினால் மேலும் குளிராதா? இல்லை. கிணற்று நீர் இரவுக் காற்றைவிட வெதுவெதுப்பானது. ஈரமண் அடியிலுள்ள வெப்பத்தை மேலே நன்கு கடத்தும். அந்த நீர் உறைய நேர்ந்தாலும், ஒவ்வொரு கிராமும் 80 கலோரி உள்ளுறை வெப்பத்தை வெளிவிட்ட பின்பே பனிக்கட்டியாகும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு தக்காளியை ஓர் இரவு வைத்து, காலையில் வெளியே எடுத்து வையுங்கள். பனி உருகியதும் அழுத்திப் பார்த்தால், சிதைந்த செல்களின் கதை புரியும்.

கடைசியாக ஒரு கேள்வி: மேகம் மூடிய இரவில் சுருவின் உழவர் ஏன் நிம்மதியாக உறங்குகிறார்? விடையை நீங்களே கூறுங்கள்.